அட்டைப்படம், ஒன்பதாம் கோப்பு

களியக்காவிளையில் பஸ் நிற்காது,
தயங்கும்.
அந்தத் தயக்கத்துக்குள் வாசிக்க வைப்பதுதான்
ஆறு வருடமாய் என் சம்பளம்.
காதுகுத்து, கால்நாட்டு, கண்ணீர் அஞ்சலி.
பத்துக்கு எட்டு ஃப்ளெக்ஸில் நாற்பத்திரண்டு தலை,
மாப்பிள்ளைக்கு மட்டும் கொஞ்சம் பெரிசு.

ரெஜின் கொண்டுவந்தது ஃப்ளெக்ஸ் வேலை இல்லை.
மூன்று வருடம், ராத்திரி ராத்திரியாய்,
ஒற்றை ஆளாய்க் கட்டிய வீடியோ கேம்.
பெயர் பாசனம்.
தண்ணீர் வராத கால்வாய்க்குள் இறங்கி
ஒருத்தி வடக்கே நடக்கிறாள்.
கையில் மதகுச் சாவி.
எல்லை தாண்டினால் பாஷை மாறும் தவளைகள்,
நிழலுக்கும் ரசீது கேட்கிற செக்போஸ்ட்,
முப்பத்தொரு மதகு, மதகுக்கு ஒரு புதிர்.

"கடையில் போட ஒரு முகப்பு வேணும் விஜிலா.
எல்லாம் வரணும்."

எல்லாம் வந்தது.
பெரிய திரையில் அழகாகத்தான் இருந்தது.
பிறகு கடை கேட்கிற அளவுக்குச் சுருக்கினேன்,
இருநூற்று முப்பத்தொன்று புள்ளி அகலம்,
எண்பத்தேழு உயரம்.
தவளைகள் கொசுவாயின.
செக்போஸ்ட் ஒரு தீப்பெட்டி.
அவள் முகம் இருந்த இடத்தில்
ஒரு சோற்றுப் பருக்கை.

பக்கத்துக் கோழிக்கடை ஷிபுவுக்கு
இரண்டு கைநீளம் தள்ளி ஃபோனைக் காட்டினேன்.
இறகு ஒட்டிய கையால் நெற்றியைத் துடைத்துவிட்டு
"நகைக்கடன் பரசியமாக்கும்?" என்றான்.
ரெஜின் அன்று டீ குடிக்கவில்லை.

இரண்டாம் கோப்பில் தவளைகள் போயின.
மூன்றில் மலை.
"அந்த மலைக்கு மட்டும் நாலு மாசம்" என்றான்.
நாலு மாசம் படத்தில் தெரியாது என்றேன்.
சொன்னபிறகு வாய் கசந்தது.
நான்கில் கால்வாயை வளைத்தேன்.
ஷிபுவுக்கு அது பாம்பு.
ஐந்தும் ஆறும் எனக்கே பிடிக்காமல்
அவனுக்கு அனுப்பவே இல்லை.
ஏழில் நீலம்.
கடைப்பக்கத்தில் ஒட்டிப் பார்த்தால்
டிராகனும் கப்பலும் வாளும் எல்லாம் நீலம்,
அந்தத் திருவிழாவில் எங்கள் பிள்ளை தொலைந்தாள்.
வறண்ட கால்வாய்க்கு எதற்கு நீலம்?
வெட்டுகல்லை அரைத்த சிவப்பை எடுத்துப் பூசினேன்.
எட்டில் எழுத்தையே கல்லில் செதுக்கினேன்.
கல் தெரிந்தது. எழுத்து இல்லை.

கரண்ட் போன ஒரு மத்தியானம்
வீணாய்ப்போன ஃப்ளெக்ஸின் வெள்ளைப் பின்பக்கத்தில்
மார்க்கரால் பெயரை எழுதினேன், பெரிதாக.
ப.
இந்தப் பக்கம் ஒரு கரை, அந்தப் பக்கம் ஒரு கரை,
கீழே தரை,
மேலே மூடாமல் விட்ட வெயில்.
எத்தனை ஆயிரம் தரம் தட்டியிருப்பேன் இந்த எழுத்தை,
ஒருநாளும் எட்டி உள்ளே பார்த்ததில்லை.
மார்க்கர் முனையால் அவளை இறக்கினேன்,
முதுகு காட்டி,
சாவி மட்டும் கைக்குப் பொருந்தாத பெரிசில்.

ஷிபு கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான்.
"ஒருத்தி ஓடைக்குள்ள நிக்கியா. எதுக்கு?"
அந்த எதுக்கை
இன்னொரு தரம் சொல்லச் சொன்னான் ரெஜின்.

மலையாளப் பதிப்புக்கும் அதே எழுத்துத்தான்,
இடது கரையில் ஒரு சுழிப்புக் கூடும்.
அந்தச் சுழிப்புக்குள் மட்டும்
கொஞ்சம் நீலம் தேங்கவிட்டேன்.
ரெஜின் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.
போகும்போது திரும்பி வந்து கேட்டான்,
ஒரே ஒரு தவளை?
வைத்தேன்.
வலது கரையில், மூன்று புள்ளி.
அவனுக்கும் எனக்கும் தெரியும் அது தவளை என்று.

பில் எழுத உட்கார்ந்த செல்லத்தங்கம் அண்ணாச்சி
சதுர அடிக்குப் பன்னிரண்டு ரூபாய் என்று
அங்குலக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு
"பதினெட்டுப் பைசா வருது பிள்ளே,
சில்லறை இல்லேன்னா நாளைக்குத் தரச்சொல்லு" என்றார்.

மேசையில் அடுத்த வேலை கிடக்கிறது.
காதுகுத்து. பத்துக்கு எட்டு.
ஐம்பத்தாறு தலை.